வெட்டியெறிந்த மௌனம்

வாருங்கள், வந்து நின்று பாருங்கள். இது ஒரு வகுப்பறை. இதற்குக் கதவு கிடையாது, தட்டிவிட்டு நுழைய வேண்டியதில்லை. சன்னலும் கிடையாது, வெளியே மழையா வெயிலா என்று இங்கே எவரும் கேட்பதில்லை. கையகலத் திரையில் ஓர் அம்மையார் தோன்றுகிறார். நரையோடிய தலை. மூக்கின் நுனிவரை இறங்கிவிட்ட கண்ணாடி. விரலிடுக்கில் மருந்தில்லாத ஓர் ஊசிக்குழல். அவர் பேசுகிறார். நாளை நோயாளிகளின் நரம்பில் மருந்து ஏற்றப்போகிற பிள்ளைகள் காதில் கருவியைச் செருகிக்கொண்டு கேட்கிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள், நம்புகிறார்கள்.

அவர் சொல்வது பொய். உயிரைக் குடிக்கும் பொய். பொய்யென்று தெரிந்தேதான் சொன்னார், நல்ல நோக்கத்தோடு சொன்னார், சொன்ன கையோடு திருத்தவும் செய்தார். அப்படியானால் அந்தத் திருத்தம் எங்கே? அதை வெட்டிய கை எது? வெட்டச் சொன்ன வாய் எது? வெட்டப்பட்டது தெரிந்த பிறகும் இந்தத் திரை ஏன் இன்னும் அணையவில்லை? உங்களைச் சாட்சிக்கு அழைப்பது இதற்காகத்தான்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடத்தில், மின்தூக்கி நிற்காத அரைமாடியில், ஒருகாலத்தில் பழுதான நாற்காலிகளை அடைத்துவைத்திருந்த அறை ஒன்று இருந்தது. நாற்காலிகளை வெளியேற்றிவிட்டுக் கணினிகளை வைத்தார்கள். சுவரில் ஒலியுறிஞ்சும் பஞ்சுப் பலகைகளை அறைந்தார்கள். இணையவழிக் கல்விப் பிரிவு என்று கதவில் எழுதினார்கள். அங்கே ஒருத்தி வேலை பார்த்தாள். பதவியின் பெயர் பாட வடிவமைப்பாளர். பேராசிரியர் வகுப்பில் பேசுவதைத் திரையில் ஓடும் பாடமாக மாற்றிக் கொடுப்பது அவளுடைய வேலை. எதை முதலில் சொல்வது, எங்கே படம் வைப்பது, எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது என்பதெல்லாம் அவள் முடிவு. நாள் முழுதும் வெட்டுவதும் ஒட்டுவதும் ஓரம் மடிப்பதுமாக இருந்ததால் அவளை எல்லோரும் தையல்காரி என்றே கூப்பிட்டார்கள்.

அவளைக் கொடியவள் என்று எண்ணிவிடாதீர்கள். முணுமுணுப்பதைத் தவிர வேறறியாத வரலாற்றுப் பேராசிரியரை மாணவர்கள் விரும்பிக் கேட்கும்படி செய்தவள் அவள். கேமராவைக் கண்டாலே வியர்த்துப்போகும் கணக்கு ஆசிரியருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கேமராவைப் பார்க்காதீங்க சார், எனக்குச் சொல்லுங்க, எனக்கும் கணக்கு வராது" என்று சொல்லிச் சொல்லியே ஒரு பருவப் பாடத்தை முடித்தவள். வேலையை நேசித்தாள். கேடுகெட்ட ஏற்பாடுகள் கேடுகெட்டவர்களைத் தேடிப்போவதில்லை, வேலையை நேசிப்பவர்களைத்தான் தேடிவருகின்றன.

அந்த அறையின் சுவரில் பிரிவின் இயக்குநர் ஓர் அறிவிப்பை மாட்டியிருந்தார். காலமற்ற பாடம் என்பது அதன் தலைப்பு. பாடத்தில் 'இன்று' வரக்கூடாது. 'நேற்று' வரக்கூடாது. 'சற்றுமுன் சொன்னேனே', 'போன வகுப்பில் பார்த்தோமே' வரவே கூடாது. ஒரு துண்டு ஆறு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மூன்று வினாடிக்கு மேல் மௌனம் இருக்கக்கூடாது. மாணவரின் கவனம் சிதறாமலிருக்கவே இவ்விதிகள் என்று அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் விளக்குவார். உண்மையும் அதில் பாதி உண்டு. மறுபாதியை அவர் சொன்னதில்லை. காலமில்லாத பாடத்துக்குக் காலத்தில் வாழ்கிற ஆசிரியர் தேவையில்லை. ஒருமுறை பிடித்து வைத்துக்கொண்டால் போதும். அடுத்த ஆண்டும் ஓடும், அதற்கடுத்த ஆண்டும் ஓடும், வேறு கல்லூரிகளுக்கு வாடகைக்கும் ஓடும்.

செவிலியர் பிரிவில் மருந்தியல் நடத்திய ஒப்பந்த விரிவுரையாளரைப் பிள்ளைகள் டோஸ் மேடம் என்பார்கள். மருந்தின் அளவைப் பிசகாமல் சொல்லச் சொல்வார், பிசகினால் அளவில்லாமல் திட்டுவார். நாம் திரையில் பார்த்த அம்மையார் இவர்தான், பாதி வாழ்க்கையை வார்டுகளில் கழித்துவிட்டு ஆசிரியப் பணிக்கு வந்தவர். அவரைப் பதிவுக்கு அழைத்தபோது பஞ்சுப் பலகை அறைக்குள் நுழைந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாருக்கும்மா பாடம் எடுக்கணும்? இந்த ஓட்டைக்கா?" என்று கேமராவின் கண்ணைக் காட்டினார்.

"ஓட்டைன்னு சொல்லாதீங்க மேடம், அதுக்கு மனசு கஷ்டப்படும்" என்றார் கேமராக்காரர்.

"மனசு வேற இருக்கா? அப்ப சரி. தூங்கினா எழுப்பி விட்டுடுங்க தம்பி."

தையல்காரி விதிகளை விளக்கினாள். "மேடம், 'இன்னைக்கு' வேண்டாம். 'முன்னாடி சொன்னேனே' வேண்டாம்."

"அப்ப நான் எப்பத்தான் பேசறேன்?"

"எப்பவுமே பேசறீங்க மேடம்."

"எங்க வீட்டுக்காரரும் அதையேதாம்மா சொல்றார்."

அறை சிரித்தது. அந்தச் சிரிப்போடு நின்றிருந்தால் இது ஒரு நல்ல வேலையிடத்தின் கதையாக முடிந்திருக்கும்.

பதிவு பல நாள் நடந்தது. பொட்டாசியம் பற்றிய பாடத்தன்று வேறொரு பேராசிரியர் தொலைபேசியில் அவளிடம் கத்திக்கொண்டிருந்ததால் தையல்காரி வெளியே நின்றாள். உள்ளே அம்மையாரும் கேமராக்காரரும் மட்டும்தான். அம்மையார் ஊசிக்குழலை உயர்த்திப் பிடித்து, அடித்துச் சொன்னார்: "பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சுபோன நோயாளி. நேரத்தை வீணாக்கக் கூடாது. ஊசியில எடு. நேரா நரம்புல ஏத்து. வேகமா ஏத்து."

சொல்லிவிட்டு நிறுத்தினார். கேமராவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இமைக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. விளக்கின் சூட்டில் நெற்றி வியர்த்தது, துடைக்கவில்லை.

"என்ன மேடம், மறந்துட்டீங்களா?" என்று கேமராக்காரர் சிரித்தார்.

"நான் மறக்கலை தம்பி. நீங்கதான் பிடிக்கலை."

அவருக்கு அது விளங்கவில்லை. பேட்டரி மாற்றினார். மறுபடி ஓடத் தொடங்கியதும் அம்மையார் சொன்னார்: "இப்ப ஒன்னு சொன்னேனே, பிடிச்சீங்களா? சுத்தப் பொய். அப்படி ஏத்தினா நெஞ்சு நின்னுடும், ஆள் அங்கேயே போயிடுவாரு. சலைன்ல கலந்து, சொட்டுச் சொட்டா, மானிட்டரைப் பார்த்துக்கிட்டேதான் ஏத்தணும்." கேமராக்காரரின் காதில் அப்போது கேட்புக்கருவி இருந்தது. அவர் ஒலி ஏறுகிறதா என்று பார்த்தார், சொல் என்ன என்று பார்க்கவில்லை. ஒலி சரியாக ஏறியிருந்தது.

பதிவுகள் தையல்காரியின் கணினிக்கு வந்தன. வந்தபோதே ஒரு மென்பொருள் அவற்றை எழுத்தாக்கி, விதிக்கு மாறான இடங்களை மஞ்சளால் தீட்டித் தந்தது. நீண்ட மௌனம் மஞ்சள். 'இப்ப ஒன்னு சொன்னேனே' மஞ்சள். அதைத் தொட்டு நின்ற பத்தி முழுவதும், சொன்னதையே திரும்பச் சொல்வதாகக் கணித்து, மஞ்சள். அவள் மேசையில் அப்போது பல துறைகளின் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கேட்க நேரமில்லை. படிக்கவும் நேரமில்லை. அவள் நிறத்தைப் பார்த்தாள். மஞ்சள் அனைத்தையும் நீக்கவா என்று மென்பொருள் கேட்டது. நீக்கு என்றாள். மிச்சமிருந்த எழுத்திலிருந்து தேர்வுக் கேள்விகளையும் அவற்றுக்குச் சரியான விடைகளையும் எடுத்து அமைத்தாள். தையல் வெளியே தெரியாதபடி தைத்தாள். எந்தக் கண்ணும் கண்டுபிடிக்க முடியாத வேலை.

வெளியிடுமுன் ஆசிரியர் ஒருமுறை முழுதும் பார்த்து ஒப்புதல் தரவேண்டும் என்பது நடைமுறை. அந்த நடைமுறைக்கு முன்பே இன்னொரு நடைமுறை முந்திக்கொண்டது. பாடம் பதிவாகிவிட்டதால் அம்மையாரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அவருடைய கணக்கு தானாக மூடிக்கொண்டது. ஒப்புதல் தர வேண்டிய நாள் கடந்ததும் ஒப்புதல் தரப்பட்டதாகக் கணினி தானே எழுதிக்கொண்டது. ஆள் போய்விட்டார், முகம் மட்டும் அங்கே தங்கிவிட்டது. வாரந்தோறும் அவருடைய படத்தோடு, "அன்பு மாணவர்களே, இந்த வாரம் மிக முக்கியமான வாரம்!" என்ற செய்தி தவறாமல் போனது. கேள்வி எழுதுகிறவர்களுக்கு, "நல்ல கேள்வி! பாடத்தை மறுபடி பாருங்கள்" என்ற பதில் அவர் பெயரில் உடனே வந்தது. இரண்டையும் முன்கூட்டியே எழுதிவைத்தவள் தையல்காரி. அதுவும் அவளுடைய வேலையில் சேர்த்திதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அம்மையார் தையல்காரியின் வீட்டுக்கு வந்தார். இரண்டு அறை வீடு. தாய், தையல்காரி, அம்மையாரின் பாடத்தைத் திரையில் பார்த்தே செவிலியம் படித்துக்கொண்டிருந்த தங்கை என்று மூன்று பேர். கதவைத் திறந்த தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யோ, டோஸ் மேடமா! நேர்லயா? மேடம், நீங்க இவ்வளவு குள்ளமா?"

"திரையில எல்லாரும் உயரம்தான்மா. உள்ள வரலாமா, இல்லை அளந்து பார்த்துட்டுத்தான் விடுவியா?"

அம்மையார் வந்த காரியம் சிறியது. வேறொரு கல்லூரியில் வேலை கேட்டிருந்தார். தாம் நடத்திய பாடத்தின் பதிவு ஒன்றைக் காட்டச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் கேட்டதற்கு, அது நிறுவனத்தின் உடைமை, தர இயலாது என்று பதில் வந்திருந்தது.

"என் மூஞ்சியை என்கிட்டயே தர மாட்டேங்கறாங்கம்மா. ஒன்னே ஒன்னு, ஆறு நிமிஷம், எடுத்துக் குடுக்க முடியுமா?"

"பார்க்கறேன் மேடம்" என்று தையல்காரி சங்கடத்தோடு சொன்னாள்.

"எதுக்கு மேடம் வீடியோ? நான் இருக்கேனே!" என்று தங்கை தன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டாள். மேசையிலிருந்த பேனாவை ஊசிக்குழலாகத் தூக்கிப் பிடித்தாள்.

"இவ ஆரம்பிச்சுட்டா. வீட்டுல பாத்திரம் கழுவச் சொன்னாலும் உங்க குரல்லதான் முடியாதுன்னு சொல்றா மேடம்" என்றாள் தாய். அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். தாம் நேரில் காணாத ஒரு பிள்ளை தம்மை இவ்வளவு கவனித்திருப்பது அவருக்குப் பெருமையாகவும் இருந்தது.

தங்கை குரலைக் கட்டையாக்கிக்கொண்டாள். "பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சுபோன நோயாளி. நேரத்தை வீணாக்கக் கூடாது. ஊசியில எடு. நேரா நரம்புல ஏத்து. வேகமா ஏத்து!"

தாய் கைதட்டினாள். தங்கை குனிந்து வணங்கினாள்.

அம்மையார் தட்டவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையில் கோபமில்லை, காத்திருப்பு இருந்தது. அறையில் மின்விசிறியின் ஓசை மட்டும். குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"என்ன மேடம்? டீ ஆறுது" என்றாள்.

"அப்புறம்?" என்றார் அம்மையார், தங்கையிடம்.

"அப்புறம்னா?"

"அதுக்கப்புறம் நான் என்ன சொன்னேன்?"

"அதோட முடிஞ்சுடும் மேடம். அடுத்தது சர்க்கரை நோய்."

அம்மையார் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது பொய்ம்மா" என்றார் மெதுவாக. "வேணும்னே சொன்ன பொய். ஒவ்வொரு பருவத்துலயும் ஒன்னே ஒன்னு சொல்லுவேன். சொல்லிட்டுச் சும்மா இருப்பேன். வகுப்புல எவளாவது ஒருத்தி எழுந்து 'மேடம், அது தப்பு'ன்னு சொல்ற வரைக்கும் வாயே திறக்க மாட்டேன். மணி அடிச்சாலும் யாரையும் வெளிய விட மாட்டேன். ஏன் தெரியுமா? நாளைக்குப் பெரிய டாக்டர் தப்பா எழுதிட்டாலும் 'நில்லுங்க சார்'னு சொல்ல ஒரு வாய் வேணும். அந்த வாயைத்தான் நான் பழக்கறேன். நீ சொன்ன மாதிரி நேரா ஏத்தினா நோயாளியோட நெஞ்சு நின்னுடும்."

தங்கை பேனாவை மேசையில் வைத்தாள்.

"ஆனா மேடம், டெஸ்ட்ல அதுதானே சரி? நான் முதல்ல 'கலந்து மெதுவா'ன்னுதான் போட்டேன், புத்தகத்துல அப்படித்தான் இருந்துச்சு. தப்புன்னு சிவப்பா காட்டுச்சு. நான் விடலை மேடம். கேள்வி எழுதிக் கேட்டேன். நீங்கதானே பதில் போட்டீங்க? நல்ல கேள்வி, பாடத்தை மறுபடி பாருங்கன்னு. மறுபடி பார்த்தேன். அப்புறம் மாத்திக்கிட்டேன்."

கேளுங்கள், இதை இன்னொரு முறை கேளுங்கள். அந்தப் பிள்ளை எழுந்து நின்றிருக்கிறாள். 'அது தப்பு' என்று சொல்லியிருக்கிறாள். எந்த வாயைப் பழக்க அந்த ஆசிரியர் உழைத்தாரோ அந்த வாய் திறந்திருக்கிறது. எதிரே ஆளில்லை. ஆளில்லாத நாற்காலி அவளுக்குப் பாராட்டுச் சொல்லி, பொய்யைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறது.

அம்மையார் தையல்காரியைத் திரும்பிப் பார்த்தார். "நான் பதில் போடலையேம்மா" என்றார். தையல்காரி தலை நிமிரவில்லை.

"எப்ப வார்டுக்குப் போறீங்க?" என்று தங்கையிடம் கேட்டார்.

"வியாழக்கிழமை, மேடம். எல்லாக் காலேஜுக்கும் அன்னைக்குத்தான்."

திங்கட்கிழமை காலை இயக்குநரின் அறை திறந்ததும் தையல்காரி உள்ளே போனாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தான் வெட்டியதையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமை அவருக்குப் பழகிய கருவி.

"தப்புன்னு யார் சொல்றது?"

"சொன்னவங்களே சொல்றாங்க சார்."

"அவங்க இப்ப நம்ம ஆள் இல்லையே."

"அவங்க பேர்லதானே சார் பாடம் ஓடுது?"

"பேர் நம்மகிட்ட இருக்கு. ஆள்தான் இல்லை." அவர் புன்னகை செய்தார். "இங்க பாரும்மா, நடுப்பருவத்துல பாடத்தை மாத்தணும்னா பாடக்குழு கூடணும். குழு பருவம் முடிஞ்சுதான் கூடும். மார்க் வேற போட்டாச்சு. இப்பப் போய் அது தப்பான விடைன்னா, மார்க் வாங்கினவங்க, வாங்காதவங்க, வாடகைக்கு எடுத்த காலேஜ், எல்லாரும் வாசல்ல வந்து நிப்பாங்க."

"வியாழக்கிழமை பிள்ளைங்க ஊசியை எடுப்பாங்க சார். அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்துடறேன். ஒரு நிமிஷ வேலை."

"வார்டுல பெரிய நர்ஸெல்லாம் இருப்பாங்க. பார்த்துக்குவாங்க."

"அவங்களும் இதே மாதிரி படிச்சு வந்த காலம் வந்தா?"

அவர் பேனாவின் மூடியைத் திருகி மூடினார். "உன்னை நான் நல்ல பொண்ணுன்னு நினைச்சுட்டு இருக்கேன். ஒன்னு மட்டும் கேக்கறேன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னே வெச்சுக்கோ. அந்த வீடியோவுல பேசறது நீயா, நானா?"

அவள் வெளியே வந்தாள். தன் இடத்துக்குத் திரும்பினாள். அம்மையாரின் பாடத்தைத் திறந்தாள். அந்தத் துண்டை நீக்கினாள், கேள்வியை நீக்கினாள். மூலப் பதிவிலிருந்து மௌனத்தையும் திருத்தத்தையும் முழுதாக எடுத்து, ஒரு வெட்டும் இல்லாமல், விதிகள் அனைத்தையும் மீறி ஏற்றிவைத்தாள். அவள் கைபட்டவற்றில் அவ்வளவு முரடான தையல் வேறில்லை. அவள் செய்தவற்றில் அதைவிட நேர்மையான தையலும் இல்லை.

மதிய இடைவேளை முடிவதற்குள் தங்கையிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, நீ எடுத்துட்டேன்னு சொன்னியே?"

"எடுத்துட்டேனே."

"திரும்ப வந்துடுச்சுக்கா. பழையதுதான் ஓடுது."

தையல்காரி கணினியைத் தொட்டாள். கடவுச்சொல் தவறு என்றது. மறுபடி தட்டினாள். அப்படியொரு பயனர் இல்லை என்றது. காப்புப் பிரதியிலிருந்து பாடத்தை மீட்டுவிட்டு அவளை நீக்கியிருந்தார்கள். பொய்யைக் காப்பாற்றி வைக்க ஓர் ஏற்பாடு இருந்தது, கவனியுங்கள். திருத்தத்தைக் காப்பாற்றி வைக்க எந்த ஏற்பாடும் இல்லை.

கேமராக்காரர் அவள் மேசையருகே வந்து நின்றார். வழக்கமாக ஏதாவது கேலி சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். அன்று நேராகச் சொன்னார்.

"இடம் போதலைன்னு மூலப் பதிவை எல்லாம் அழிக்கச் சொல்லிட்டாங்க. மேலேருந்து ஆள் வந்து பக்கத்துலயே நின்னாங்க. அழிச்சாச்சு." மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டார். "நான் அன்னைக்கு உள்ளதான் இருந்தேன். அவங்க என்னையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க. பிடி, பிடின்னு கேக்கற மாதிரி. நான் சிரிச்சேன்."

"எந்தெந்தக் காலேஜுக்கு இந்தப் பாடம் போயிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வெளிய சொல்லக் கூடாதாம். ஒப்பந்தத்துல அப்படி எழுதியிருக்காம். மூனு பேர்கிட்டக் கேட்டுட்டேன், மூனு பேரும் என் சட்டையைப் பார்த்துத்தான் பேசினாங்க, மூஞ்சியைப் பார்க்கலை."

வியாழக்கிழமை காலை மழை பெய்தது. அரசு மருத்துவமனையின் பின்வாசலில், ஆம்புலன்சுகள் நிற்கும் தகரக் கூரையின் கீழ், அம்மையாரும் தையல்காரியும் நின்றார்கள். தங்கை தன் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்து வந்தாள். புதுச் சீருடை, இன்னும் மடிப்புக் கலையாத வெள்ளை. அம்மையார் உரத்துச் சொன்னார். பொய் எது, மெய் எது, ஏன் சொன்னேன், எப்படி வெட்டப்பட்டது, இனி என்ன செய்யவேண்டும் என்று தகரத்தின் மேல் விழும் மழையையும் மீறிக் கத்தினார். சிலர் அழுதார்கள். சிலர் கைப்பேசியை எடுத்துத் திரையில் ஓடுகிற அம்மையாரையும் எதிரே நனைகிற அம்மையாரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

வரிசையின் கடைசியில் நின்ற ஒருத்தி கையை உயர்த்தினாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று பார்த்தாலே தெரிந்தது.

"மேடம், ஒரு சந்தேகம். நீங்க சொல்றதைக் கேக்கறதா, வீடியோவுல நீங்க சொல்றதைக் கேக்கறதா?"

"நான் சொல்றதைக் கேளும்மா. நான்தானே அது?"

"ஆனா மேடம், பரீட்சையில அந்த விடைக்குத்தானே மார்க் போடுவாங்க?"

காவலாளி வந்தார். அனுமதி இல்லாமல் கூட்டம் சேர்க்கக் கூடாது என்றார். பிள்ளைகள் உள்ளே போனார்கள். அந்தப் பெண்ணும் போனாள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவள் எந்த அம்மையாரை நம்பிக்கொண்டு போனாள் என்பது இந்த வாசலில் நிற்கிற எவருக்கும் தெரியாது.

அதே காலை, அதே மணிக்கு, வேறு ஊர்களில் வேறு மருத்துவமனைகளின் வாசல்களிலும் புதுச் சீருடைகள் நுழைந்தன. அங்கெல்லாம் தகரக் கூரையின் கீழ் யாரும் நிற்கவில்லை. எந்த ஊர் என்று தெரிந்திருந்தால் அம்மையார் நடந்தாவது போயிருப்பார். தையல்காரி அன்று மாலையே தெரிந்த கல்லூரிகளுக்கெல்லாம் தொலைபேசியில் பேசினாள். நீங்கள் யார் என்று கேட்டார்கள். சொல்லிக்கொள்ள அவளுக்குப் பதவி இல்லை. உங்கள் ஆசிரியரைக் கூப்பிடுங்கள் என்றாள். அந்தப் பாடத்துக்கு இங்கே ஆசிரியர் இல்லையே, காணொளிதான் என்றார்கள். அம்மையார் செய்தித்தாள் அலுவலகம் ஒன்றுக்குப் போனார். யாராவது இறந்திருக்கிறார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அப்படியானால் இறந்த பிறகு வாருங்கள் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மேசையில் இருந்தவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டு பெண்கள் எத்தனை வாசலில் நிற்க முடியும்? அவர்களால் முடியாததை முடிக்கத்தான் உங்களை அழைத்தது. இதுவரை பார்த்துவிட்டீர்கள். பார்த்தவர் இனிப் பார்க்காதவர் ஆக முடியாது.

உங்கள் வீட்டில் ஒரு மகள் இணையத்தில் செவிலியம் படிக்கிறாளா? உங்கள் தம்பி மின்கம்பி வேலை படிக்கிறானா? உங்கள் மருமகள் பிள்ளைப்பேறு பார்க்கப் படிக்கிறாளா? அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். திரையில் பேசுகிறாரே, அந்த ஆசிரியர் இப்போது அந்தக் கல்லூரியில் வேலையில் இருக்கிறாரா? நீ சந்தேகம் எழுதினால் அதைப் படிக்கிற மனிதர் யார், அவர் பெயர் என்ன, அவர் குரலை நீ கேட்டதுண்டா? பிள்ளை விழித்தால் அந்தக் கல்லூரிக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவைத் திரட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆசிரியரை எங்கள் முன்னால் நிறுத்து என்று கேளுங்கள். பாடக்குழு கூடும்வரை பொறுக்கச் சொல்வார்கள், பொறுக்காதீர்கள். நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள், உட்காராதீர்கள். அந்த ஆசிரியர் நடந்து வந்து உங்கள் பிள்ளையின் கேள்விக்குத் தம் வாயால் பதில் சொல்லும்வரை அந்த வாசலை விட்டு நகராதீர்கள்.